செம்பா, அலுமினியமா

எனக்கு முதலில் கெடுதல் செய்தவன் என் கூடப் பிறந்த தம்பி கொளஞ்சியப்பன். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

கச்சிராயபாளையத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் பொதுக்கிணறு. ஒரு நாள் அவன் முறை, மறுநாள் என் முறை. கரும்பு காய்ந்துகொண்டிருந்த கோடையில், என் முறை நாளில் மோட்டார் ஃபியூஸைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டான். ஆலைக்குப் போக வேண்டிய கரும்பு அடுப்புக்குப் போனது. அன்றிலிருந்து பேச்சில்லை. அவன் வீட்டில் நாங்கள் கை நனைப்பதில்லை.

இப்போது எங்கள் வீட்டில் உலை கொதிப்பது என் மகள் இலக்கியாவால். ஸ்டுடியோக்காரர்கள் எடுத்த கல்யாண வீடியோவை வீட்டிலிருந்தே வெட்டி ஒட்டித் தருகிறாள். வைகாசி முகூர்த்த நேரம் பார்த்து அவள் கம்ப்யூட்டர் சூடேறிச் சூடேறி நின்றது.

கள்ளக்குறிச்சியில் அந்த மாதிரி மெஷினைப் பிரிக்கத் தெரிந்தவன் கொளஞ்சியப்பன் மகன் தமிழரசன்தான் என்றார்கள். வேறு வழியில்லை. போனேன். இலக்கியாவும் மெஷினோடு கூட வந்தாள். அவன் கடைக்குள் நான் உட்காரவில்லை.

“பெரியப்பா, டீ சொல்லட்டுங்களா?”

“டீ குடிக்க வர்ல. மெஷின பாரு.”

பிரித்துப் பார்த்தான். மதர்போர்டில் சிப்செட் என்று ஒரு சில்லு. அதன் மேலிருந்த சின்ன ஃபேன் செத்துவிட்டதாம். அந்த ஃபேன் இப்போது வருவதில்லையாம்.

“வாட்டர் பிளாக் போட்டுடலாம் பெரியப்பா. இந்தக் கட்டைக்குள்ள தண்ணி ஓடும். சிப்செட் சூட்ட எடுத்துக்கினு போயிடும்.”

“தண்ணியா? நீங்க எனக்குத் தண்ணி வுடப் போறீங்களா? ஊரு கேட்டா சிரிக்கும்டா.”

அவன் சிரிக்கவில்லை. “இதுல ரெண்டு வகைங்க பெரியப்பா. அலுமினியம் கையில கீது. செம்பு, சென்னையிலேர்ந்து வரணும்...”

அவன் முகத்தில் எனக்கு அவன் அப்பன்தான் தெரிந்தான். “எதையாச்சும் போடச் சொல்லு” என்று மகளிடம் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்துவிட்டேன். திரும்பி வந்தபோது அலுமினியக் கட்டை ஏறியிருந்தது.

ஐப்பசியில் கட்டை அரித்து ஓட்டை விழுந்தது. தண்ணீர் சொட்டி மதர்போர்டு செத்தது. கொடுக்க வேண்டிய கல்யாண வீடியோ பாதியில் நின்றது. சங்கராபுரம் ஸ்டுடியோ தீனதயாளன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“உள்ள தண்ணி ஓடற மத்ததெல்லாம் செம்பு. அதோட அலுமினியத்தச் சேத்தா அரிக்காதா? இது கூடவா உங்க ஆளுக்குத் தெரியாது? நாளைக்கு வீடியோ வர்லன்னா நான் வேற ஆள பாத்துக்கறேன்.”

இலக்கியா அழுதாள். நான் அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

கடையில் நாலு பேர் இருந்தார்கள். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

“டேய், உங்கப்பன் தண்ணிய நிறுத்தி என் கரும்ப கெடுத்தான். நீ தண்ணிய வுட்டு என் பொண்ணு பொழப்ப கெடுக்கறியா? செம்புக்கும் அலுமினியத்துக்கும் வித்தியாசம் தெரியாத நாயிக்கு கட இன்னாத்துக்குடா?”

தமிழரசன் எழுந்து நின்றான்.

“தப்பு என்னுதுதாங்க பெரியப்பா.”

“சத்தமா சொல்லு!”

“தப்பு என்னுதுதாங்க.”

தெருவே கேட்டது. அன்று சாயங்காலம் தன்னுடைய சொந்தக் கம்ப்யூட்டரை வண்டியில் கட்டிக்கொண்டு வந்து நின்றான். வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். வீடியோ முடிந்தது. இலக்கியாவின் வேலை தப்பியது. நான் மட்டும் விடவில்லை. பஸ்ஸில், டீக்கடையில், ரேஷன் வரிசையில் எல்லா இடத்திலும் சொன்னேன். அப்பனைப் போலப் பிள்ளை என்று.

போன வாரம் வீட்டுக்கு வந்த ஒருவரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் போனதும் இலக்கியா எதிரில் வந்து நின்றாள்.

“போதும் நிறுத்துப்பா. அலுமினியத்த போடச் சொன்னது நானு.”

“இன்னாடி சொல்ற?”

“நீ அந்தாண்ட போயிட்ட. ‘வேணாம்மா, அரிச்சிடும், பத்து நாள் பொறு, செம்பு வரட்டும்’னு அண்ணன் தலதலயா அடிச்சிக்கினாரு. பத்து நாள் நின்னா வேல போயிடும்னு நாந்தான் அடம் புடிச்சேன்.”

“அப்புறம் ஏன் அவன் ‘என் தப்பு’ன்னு நின்னான்?”

“நானும் கேட்டேன். ‘எங்கப்பா வாங்கியிருக்க வேண்டிய திட்டு. அவரு வாங்கல, நான் வாங்கிக்கினேன். இதோட பெரியப்பா மனசு ஆறட்டும், நீ வாயத் தொறக்காத’ன்னாரு.”

அடுப்படியிலிருந்து என் மனைவி தங்கமணி வந்தாள்.

“போயி அந்தப் புள்ளைக்கு ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க. நீங்க பேசின பேச்சுல கடைக்கு ஒருத்தரும் வர்றதில்லியாம்.”

சட்டையைப் போட்டுக்கொண்டு நிறுத்தத்தில் போய் நின்றேன். பஸ் வந்தது. ஏறவில்லை.

அப்பன் வாங்க வேண்டியதைப் பிள்ளை வாங்கிக்கொண்டால் தீர்ந்துவிடுமா? கொளஞ்சியப்பன் என் எதிரில் வந்து நிற்கட்டும். ‘அண்ணா, செஞ்சது தப்பு’ என்று அவன் வாயால் சொல்லட்டும். பிறகு அவன் மகனிடம் நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

தமிழரசன் நேற்றுக் கடையைக் காலி செய்துவிட்டானாம். சென்னையில் ஏதோ கம்பெனி வேலைக்குப் போகிறானாம்.

போகட்டும். அவன் அப்பன்தான் எனக்கு இன்னும் பாக்கி.