கீழ் லயத்தில் ஒரு குடித்தனம்

தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சதீஸ்குமார், தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயத்தில் ஒரு கதவை உள்ளங்கையால் அடித்துக்கொண்டிருந்தான்.

"மேல புது வீடு கட்டிக் குடுத்தாச்சு சார். எல்லாச் சனமும் போயிருச்சு. இந்தம்மா மட்டும் அதையும் வச்சிக்கிட்டு இதையும் விட மாட்டேங்குது. ஒருத்தியால தோட்டத்துக்கு எவ்வளவு செலவு பாருங்க."

கஜேந்திரன் திரும்பி மேலே பார்த்தான். தோட்டத்துக் குளத்தின் மண் அணை. சின்னதுதான். அடிவாரத்தில் ஓரிடத்தில் கசிந்து, அங்கே மட்டும் புல் கரும்பச்சையாக இருந்தது.

உடைந்தால் எவ்வளவு ஆபத்து, அந்த அணை எந்த வகுப்பு என்று சொல்லத்தான், அணைகளைச் சோதிக்கும் அதிகாரியான அவன் பதுளையிலிருந்து வந்திருந்தான். கீழே ஒரு குடும்பமாவது வசித்தால் முதல் வகுப்பு. மழைக்காலத்தில் காவலுக்கு ஆள் போட வேண்டும், கசிவை உடனே அடைக்க வேண்டும். யாரும் இல்லையென்றால் கடைசி வகுப்பு. கசிவு அதுபாட்டுக்குக் கசியலாம்.

கதவு திறந்தது. ஜீவராணிக்கு மூச்சு வாங்கியது. கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கு ஈரத்தோடு அப்படியே இருந்தது. மலையிலிருந்து ஓடி வந்திருக்கிறாள்.

சதீஸ்குமாரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கஜேந்திரன் உள்ளே போனான். பாயில்லை. பானையில்லை. சுவரில் குளவி கூடு கட்டியிருந்தது. அடுப்பில் மட்டும் இப்போதுதான் பற்றவைத்த ஈர விறகு.

"இங்கதான் இருக்கீங்களாம்மா?"

"ஆமாங்க."

"ராத்திரி எங்க படுப்பீங்க?"

அவள் குனிந்து ஈரப் படங்கை அவிழ்க்கத் தொடங்கினாள்.

அவனுக்குக் கோபம் வந்தது. மேல்வீடு கிடைத்த பிறகும் இந்த இடிந்த ஒற்றையறைக் காம்பராவுக்காகப் பொய் சொல்வது நன்றாகவா இருக்கிறது என்று கேட்டான். வீடில்லாமல் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்றும் சொன்னான்.

"இந்தக் காம்பரா எனக்கு வேணாங்கய்யா," என்றாள் ஜீவராணி. "நாளைக்கே இடிச்சிக்கட்டும். அந்தக் கசிவ மொதல்ல அடைக்கச் சொல்லுங்க."

கஜேந்திரன் அவளைப் பார்த்தான்.

"கீழ மடுவம் இருக்குங்க. கொழுந்து நிறுக்க எல்லாப் பொம்பளைங்களும் அங்கதான் வந்து நிப்போம். மழைன்னாலும் அங்கதான் ஒதுங்குவோம். போன தடவ வந்த ஐயாகிட்ட சொன்னேன். வேல செய்யிற எடம் சேத்தியில்லம்மா, அடுப்பெரியிற வீடுதான் சேத்தின்னுட்டாரு."

கீழே சங்கு ஊதியது. ஜன்னல் வழியே தெரிந்தது. தலையில் கூடையோடு பெண்கள் சரிவிலிருந்து ஒவ்வொருத்தியாக இறங்கி, மடுவத்துத் தகரக் கூரைக்குள் நெருக்கியடித்து நின்றார்கள்.

"இழுத்துப் பூட்டிரலாமா சார்?" வெளியிலிருந்து சதீஸ்குமார் கேட்டான்.

விறகு புகைந்து அவியப் பார்த்தது. கஜேந்திரன் அடுப்பு முன்னால் குந்தி, கட்டைகளை உள்ளே தள்ளி ஊதினான். நன்றாகப் பிடித்துக்கொண்டதும் எழுந்து வெளியே போய், கூரைக்கு மேல் புகை வரும்வரை நின்று, அறிக்கையில் வைக்க ஒரு படம் எடுத்தான்.