சுவர் தாண்டிய குரல்

மகள் வாங்கி அனுப்பிய மாத்திரைப் பெட்டி, வெளியூரிலிருந்து அவள் தன் போன் வழியே பதிவு செய்துவைத்த குரலில் வேளை தவறாமல் கூப்பிடும்: "அப்பா, மாத்திரை போடுங்க." மூடியைத் திறக்கும்வரை விடாது. அப்பாவுக்குக் காது மந்தம் என்பதால் சத்தத்தை உச்சத்தில் வைத்திருந்தார்கள்.

"சுவரே அதிருதுங்க. பக்கத்து வீட்டு வாத்தியார் ஒருநாள் சண்டைக்கு வரப்போறார்," என்றாள் அம்மா. "சத்தத்தைக் குறைங்க. நான் ஞாபகப்படுத்துறேன்."

குறைத்த இரண்டாம் நாளே வாத்தியார் வந்து கதவைத் தட்டினார். முகம் வாடியிருந்தது.

அம்மா முந்திக்கொண்டாள். "மன்னிச்சிடுங்க சார். சத்தத்தைக் குறைச்சுட்டோம். இனிமே உங்களுக்குத் தொந்தரவு இருக்காது."

"ஏம்மா குறைச்சீங்க? நான் தனிக்கட்டை. உங்க பொண்ணு கூப்பிடுறதைக் கேட்டுத்தான் நானும் என் பிரஷர் மாத்திரையைப் போடுவேன். ரெண்டு நாளா மறந்துட்டேன், தலை கிர்ருன்னு சுத்துது."

அப்பா சிரித்துக்கொண்டே அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா மகளுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

மறுநாள் காலை, பெட்டி பழைய சத்தத்தில் புதிதாகக் கூப்பிட்டது: "அப்பா, மாத்திரை போடுங்க. பக்கத்து வீட்டு அங்கிள், நீங்களும்தான்."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

"போட்டுட்டேன்மா."