நல்லா இருக்குதுங்க

"கொழந்தை நல்லா இருக்குதுங்க. டாக்டர் பாத்துக்கிட்டிருக்காரு. நீங்க வெளிய உக்காருங்கக்கா."

காலையிலிருந்து மூன்றாவது முறையாக இதையே சொன்னாள் சுசித்ரா. தர்மபுரியின் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில், பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாகச் சேர்ந்து அவளுக்கு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

கண்ணாடிக் கதவருகே நின்ற பெண் நகரவில்லை. ஆபரேஷன் ஆகி நான்காம் நாள். ஒரு கை அடிவயிற்றைப் பிடித்திருந்தது. மறு கையில் பிழிந்தெடுத்த தாய்ப்பால், ஒரு சின்ன டப்பாவில். முப்பத்தேழு வயதில், கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து வந்த முதல் குழந்தை. ஏழரை மாதத்திலேயே பிறந்துவிட்டதால், குழந்தையை மட்டும் அரூரிலிருந்து ஆம்புலன்ஸில் கொண்டுவந்து சேர்த்திருந்தார் அவள் கணவர். அவள் டிஸ்சார்ஜ் ஆகி இன்று காலையில்தான் வந்தாள். கேஸ் ஷீட்டில் 'பேபி ஆஃப் அமுதவல்லி' என்றிருந்தது.

"நல்லா இருந்தா எங்கிட்ட கொடுத்துருப்பீங்களேம்மா. எதுக்கு உள்ள வெச்சிருக்கீங்க?" என்றாள் அமுதவல்லி.

"டாக்டர் வந்து சொல்வாருங்க."

"பெரிய டாக்டர் நாலு நாளா ஊர்ல இல்லியாம். டியூட்டி டாக்டரக் கேட்டா சிஸ்டரக் கேளுங்கறாரு. நீ டாக்டரக் கேளுங்கற. நான் யாரத்தான் கேக்கறது?"

உள்ளே மானிட்டர் ஒன்று கத்தியது. சுசித்ரா போய்ச் சத்தத்தை அணைத்துவிட்டு வந்தாள். அந்த அம்மா அதே இடத்தில்தான் நின்றிருந்தாள்.

"இப்ப கத்துனது என் கொழந்தையோடதா?"

"இல்லீங்க."

"மூச்சு எத்தன தடவ நின்னுச்சு இன்னிக்கி?"

சுசித்ரா திடுக்கிட்டாள். எந்தத் தாயும் இப்படிக் கேட்டதில்லை.

"அதெல்லாம் பேரண்ட்ஸ்கிட்ட சொல்லக் கூடாதுங்கக்கா. ஒண்ணு சொன்னா பத்து கேப்பாங்க, அழுவாங்க, நமக்கு வேலை ஓடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"யாரு சொன்னது?"

"எனக்கு சீனியர் நர்ஸ் ராஜாமணி அக்கா சொல்லிக் கொடுத்தாங்க. அவங்களுக்கு, அவங்களுக்கு முன்னாடி இருந்தவங்க."

அமுதவல்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

சுசித்ராவுக்குப் போன வாரம் ஞாபகம் வந்தது. சித்தேரி மலையிலிருந்து வந்த ஒரு குழந்தையின் அப்பா இதே கதவருகே விடிந்ததிலிருந்து நின்றார். நல்லா இருக்குதுங்க என்று மதியம் வரை அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். இரண்டு மணிக்குக் குழந்தை இறந்துவிட்டது. அவர் சண்டை போடவில்லை. "நல்லா இருக்குதுன்னு சொன்னியே தாயி?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார். அதற்கப்புறம் நாலு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வேலை போனால் சொந்த ஊர் பாப்பிரெட்டிப்பட்டிக்கு பஸ் ஏற வேண்டியதுதான். போனால் போகட்டும் என்று கதவைத் திறந்தாள்.

"கை கழுவிட்டு உள்ள வாங்கக்கா."

பால் டப்பாவை வாங்கி வைத்துவிட்டு, குழந்தைக்குச் சூடு கொடுக்கும் வார்மருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தாள்.

"ஆயிரத்து இருநூறு கிராம் இருக்கா. நுரையீரல் இன்னும் முழுசா வளரல. அதனால மூக்குல குழாய் வெச்சு காத்து கொடுக்கறோம். மூச்சு விடறதயே ரெண்டு தடவ மறந்துட்டா காலைல. பாதத்தத் தட்டுனதும் எடுத்துட்டா. நேத்து நூத்துக்கு நாப்பது பங்கு ஆக்ஸிஜன் வேண்டியிருந்துச்சு, இன்னிக்கி முப்பதே போதுது. வந்ததும் நீங்க கொடுத்த பால் ரெண்டு ரெண்டு மில்லி டியூப் வழியா போவுது. கக்கல."

"பொழச்சுக்குவாளா?"

"தெரியாதுங்கக்கா. நேத்துக்கு இன்னிக்கி தேவலாம். இன்னும் மூணு நாள் போனாத்தான் எதுவும் சொல்ல முடியும். மூச்சு மறுபடி நின்னா உங்கள வந்து கூப்புடறேன். மறைக்க மாட்டேன்."

அமுதவல்லி அழுதாள். சத்தமில்லாமல், ரொம்ப நேரம். சுசித்ரா அவசரப்படுத்தவில்லை. பிறகு அவள் கைகளைப் பிடித்து, குழந்தையின் தலைமேல் ஒன்றும் பாதங்களின்மேல் ஒன்றுமாக வைத்தாள்.

"தடவாதீங்க. சும்மா வெச்சிருங்க. அம்மா இருக்கறது அவளுக்குத் தெரியும்."

மானிட்டரில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த எண் மெல்ல ஒரு நிலைக்கு வந்தது. அமுதவல்லி புடவைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உம் பேரு என்னம்மா?"

பெயர் கேட்பவர்கள் கம்ப்ளைன்ட் எழுதத்தான் கேட்பார்கள்.

"சுசித்ராங்க."

அவள் சொல்லி முடிப்பதற்குள் கதவு திறந்தது. பெங்களூரிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த பெரிய டாக்டர் சந்திரமோகன் உள்ளே வந்தார். விசிட்டிங் நேரம் இல்லாத நேரத்தில் ஒரு தாய் உள்ளே உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவர் புருவம் சுருங்கியது.

"யாரு சிஸ்டர் இவங்கள உள்ள விட்டது?"

ஸ்டூலில் இருந்தவள் திரும்பினாள். டாக்டர் அப்படியே நின்றுவிட்டார்.

"அமுதவல்லி சிஸ்டரா? உங்க கொழந்தையா இது? கல்யாணமாகிப் போற வரைக்கும் ஹெட் நர்ஸா இந்த யூனிட்டயே நடத்துனவங்க நீங்க. யாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்ததுமே எல்லாம் விளக்கியிருப்பாங்களே!"

"அந்தப் பொண்ணு விளக்கிட்டா டாக்டர். அவள ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள் அமுதவல்லி, குழந்தையின்மேல் வைத்த கையை எடுக்காமல். "பெத்தவங்க வந்து கேட்டா, நல்லா இருக்குது, வெளிய உக்காருங்கன்னு மட்டும் சொல்லுங்கன்னு இங்க முதமுதல்ல எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தவளே நான்தானுங்களே."