நாற்பதைத் தொடாத பட்டை

பள்ளிப் பிள்ளைகள் எல்லோருடைய மணிக்கட்டிலும் ஒரு பட்டை இருந்தது. ஒரு பிள்ளையை மற்றவர்கள் அன்றைக்கு எவ்வளவு வதைத்தார்கள் என்பதை அது எண்ணாகக் காட்டும். நாற்பதைத் தொட்டால்தான் பள்ளி புகாரை ஏற்கும்.

எட்டாம் வகுப்பு நித்திலாவின் பட்டை மூன்று மாதமாக ஒரு நாளும் முப்பத்தொன்பதைத் தாண்டவில்லை. ஆனால் அவள் முடியில் பபிள்கம் ஒட்டியிருந்தது. சாப்பாட்டு டப்பாவில் மண் கிடந்தது. அவளுடைய அம்மா பொற்கொடி அவளைப் பள்ளியின் பாதுகாப்பு அலுவலர் சகாயராஜிடம் அழைத்து வந்தாள்.

"இன்னிக்கும் முப்பத்தொம்பதுதாம்மா. நான் என்ன பண்றது?"

"இவ கிளாஸ் பொண்ணுங்க இவ கையப் புடிச்சு நம்பரப் பாத்துக்கிட்டேதான் செய்றாளுங்க சார். முப்பத்தொம்பது வந்ததும் விட்டுர்றாளுங்க."

"அப்ப நாப்பது ஆகல, இல்லியா?" அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வெளிய ஆளுங்க காத்திருக்காங்க, கெளம்புங்க."

பொற்கொடி மகளின் பக்கம் திரும்பினாள்.

"நீ பொறக்காமலே இருந்திருக்கலாம்டி. உன் மூஞ்சியப் பாத்தா எனக்கே அருவருப்பா இருக்கு."

சொல்லும்போதே அவள் கண் மகளின் பட்டையிலேயே இருந்தது. நித்திலா அழவில்லை. அம்மாவையே பார்த்தாள். பட்டை சிவந்து நாற்பத்தாறு காட்டியது.

"இப்ப எழுதுங்க சார்."

சகாயராஜ் உடனே எழுதி, திரையைத் திருப்பிக் காட்டினார். வதைத்தவர் என்ற இடத்தில் பொற்கொடியின் பெயர் இருந்தது.

"பாப்பாவ இன்னிக்கு உங்ககூட அனுப்ப முடியாதும்மா."

பொற்கொடி மகளின் கையைப் பிடிக்கப் போனாள். நித்திலா நாற்காலியை அலுவலர் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.