இருபது மூலிகைப் பொடி

சேலம் பஸ்ஸிலிருந்து ஒண்டிக்கடையில் இறங்கிய சேகரின் பையில் ஒரு பொட்டலம் பேதி உப்பு இருந்தது. அவன் வயிறு நன்றாகத்தான் இருந்தது. உப்பு கோழிகளுக்கு.

ஏற்காட்டு மலைக்கு பிராய்லர் கோழி வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் ‘இருபது மூலிகைப் பொடி’யோடு சேகரும் வந்துவிட்டான். தீவனத்தில் கலந்து போட்டால் சீக்கு அண்டாது, எடை மளமளவென்று ஏறும் என்று அளந்து விட்டிருந்தான். பொடி என்னவோ, அவன் வேலை பார்த்த அரவை மில்லில் ஒரு வாரம் கூட்டி அள்ளிய தூள்தான். அந்த மூட்டையை நம்பி வேலையை வேறு விட்டுவிட்டான். இது போணியாகாவிட்டால் முதலாளி காலில் விழுந்து மறுபடியும் துடைப்பத்தை வாங்க வேண்டியதுதான்.

மலையில் தலைச்சோலை ஊர்க்காரர்கள் லேசில் மசியவில்லை.

“காளியாயிகிட்ட ரெண்டு கோழி ஷெட்டு இருக்குதுங்க. ரெண்டுலயும் ஒரே நாள் குஞ்சுங்க. ஒண்ணுக்குப் பொடி போடட்டும், ஒண்ணுக்கு வேண்டாம். எது கனக்குதுன்னு பார்த்துட்டு ஊரே வாங்கிக்கறோம்” என்று ஊர்ப் பெரியவர் அங்கப்பன் சொல்லிவிட்டார்.

“மேல ஷெட்டுக்குப் போடறனுங்க சாமி” என்று காளியாயி மூட்டையை வாங்கிக்கொண்டாள்.

அது போன மாதம். நாளைக் காலையில் எடை போடப் போகிறார்கள்.

மில் குப்பையைத் தின்று கோழி கொழுக்கும் என்று நம்ப சேகர் என்ன முட்டாளா? பொடி தின்ற கோழி கனக்காவிட்டால் போகிறது, தின்னாத கோழி இளைத்தால் போதாதா?

காளியாயி பஜாருக்குப் போயிருந்தாள். சேகர் சுற்றுமுற்றும் பார்த்தான். பொடி போட்டது மேல ஷெட். மேற்குப் பக்கம் இருந்ததை அவன் தொடவே இல்லை. காப்பிச் செடிகளுக்கு நடுவே மூச்சு வாங்க ஏறி, கிழக்குப் பக்க ஷெட்டின் தண்ணீரில் உப்பைக் கொட்டிக் கலக்கினான். கோழிகள் முண்டியடித்துக் குடித்தன. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் ஊரே கூடியது. பலா மரத்தில் தராசைக் கட்டினார்கள்.

பொடி தின்னாத கோழிகள் கும்மென்று இருந்தன. பொடி தின்றவை பின்பக்கமெல்லாம் நனைந்து, கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தன. தராசு பாரபட்சம் பார்க்கவில்லை.

“இந்தப் பொடிய என்ற மச்சினனுக்குக் குடுங்க தம்பி. ஊட்டுக்கு வந்தா நொம்பத் திங்கறான்” என்றார் கூட்டத்தில் நின்ற அம்மாசி. சிரித்துக்கொண்டே கூட்டம் கலைந்தது.

சேகருக்கு முகத்தில் ஈயாடவில்லை. “ஏனுங்கக்கா, மேல ஷெட்டுக்குத்தானே பொடி போட்டீங்க?”

“ஆமாங்க சாமி. அதா, அந்த மேட்டு மேல இருக்குதே, அதுக்குத்தான்.”

“மேலன்னா மேக்கால இல்லீங்களா? எங்க ஊர்ல மேலத்தெருன்னா மேக்காலத் தெருங்க!”

“அது உங்க ஊர்லங்க. மலையில மேட்டுல இருக்கறதுதான் மேல.”

சேகர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். காளியாயிக்குப் பாவமாக இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு அருகில் வந்தாள்.

“ஊர் சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போகட்டும். நேத்துக் காலையில மேல ஷெட்டுக் கோழி ஒண்ணத் தூக்கினனுங்க, கையே தொங்கிப் போச்சு. கீழ ஷெட்டுக் கோழியெல்லாம் அதுக்குக் கிட்டக்கூட வராது. உங்க பொடி நொம்ப நல்ல பொடிங்க. அதுக்கப்புறம் என்ன சீக்கு வந்துச்சோ தெரியல. எனக்கு மட்டும் இன்னொரு மூட்டை, அச்சு அசலா அதே மாதிரி கொண்டாந்து குடுங்க சாமி.”

தூள் கூட்டி அள்ளிய அந்த வாரம் மில்லுக்கு யார் யார் என்னென்ன அரைக்கக் கொண்டுவந்தார்கள் என்று சேகர் இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறான்.