குழாயடியில் மொட்டை

தாய்மாமன் வந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளட்டும் என்றார் மொட்டையடிப்பவர்.

அவளுக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது என்றார் என் கணவர். பெண் பார்க்க வந்த அன்று அம்மாவும் நானும் சொன்னதைத்தான் சொன்னார், பாவம்.

ஒன்றுவிட்ட மாமா ஒருவர் உட்கார்ந்தார்.

கொடைரோடு தாண்டி இவர்களுடைய குலதெய்வக் கோவில். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது.

என் பிள்ளைக்கு மூன்று வயது. தலையில் இருபது முடி தேறாது. மூன்று மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்று மாமியார் நம்பினார்.

வளராது. அவனுக்குப் பிறவியிலேயே முடியும் இல்லை, வேர்வைச் சுரப்பியும் இல்லை. தாய்வழியில் வருவது என்று டாக்டர் சொன்னதை மட்டும் வீட்டில் நான் சொல்லவே இல்லை.

கத்தியை எடுப்பதற்குள் பிள்ளை துவண்டு விழுந்தான். உடம்பு கொதித்தது, ஒரு சொட்டு வேர்வை இல்லை. ஆளாளுக்குத் திருநீறு பூசினார்கள்.

தண்ணீர் பாட்டிலை வேனிலேயே விட்டு வந்திருந்தேன். என்னை எதால் அடிப்பது?

குழாயடியிலிருந்து ஒருவர் ஓடிவந்தார். தலையில் குல்லா, வாயை மறைத்துத் துண்டு. சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

யாரையும் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கிப்போய்க் குழாயடியில் உட்கார்ந்து, மடியில் கிடத்தி, உச்சந்தலையில் தண்ணீரை ஊற்றினார்.

கொஞ்ச நேரத்தில் பிள்ளை கண் விழித்தான். அவர் துண்டைப் பிடித்து இழுத்தான். அவர் அதை இறுக்கிக்கொண்டார்.

"எனக்கும் இதே கோளாறுதான்மா. வெயில் ஆகாதுன்னுதான் கொடைக்கானல்ல கெடக்கேன்" என்றார் மாமியாரிடம். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை.

வெயில் ஆகாத மனுசன் எதற்கு மலையிறங்கி வந்தார் என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

பிள்ளை அந்த மடியைவிட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தான். சரி, இருக்கட்டும் என்று அங்கேயே மொட்டையடித்தார்கள்.

எனக்கு அழுகை முட்டியது. வரவே வேண்டாம் என்று முந்தின நாள்தான் போனில் கெஞ்சியிருந்தேன்.

பிள்ளை பிழைத்த சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து என் கணவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

மாமியார் குல்லாக்காரர் கையில் பொங்கலை இலையோடு கொடுத்தார்.

"யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கட்டும்."

எங்கள் அம்மா பெற்ற பிள்ளை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.