வாசலில் நின்ற பெயிண்டர்

பெயிண்டரைப் படியேற விடாமல், இடுப்பில் குழந்தையோடு கதவை மறித்து நின்றாள் அந்தப் பெண்.

"பழைய பெயிண்டை எப்படிச் சுரண்டுவீங்க?"

"தண்ணி தெளிச்சு ஈரமாக்கித்தான். தூசியே பறக்காது."

"தரைக்கு?"

"பிளாஸ்டிக் ஷீட் விரிச்சிடுவேன். மாஸ்க்கும் போட்டுக்குவேன்."

"போன மாசமும் இப்படித்தான் தலையாட்டினீங்க. இப்ப குழந்தை ரத்தத்துல ஈயம் இருக்காம். பழைய பெயிண்ட் தூசியாலதான்னு டாக்டர் சொல்றார்."

எந்த வீட்டிலும் பெயிண்டரை யாரும் இப்படிக் குடைந்ததில்லை. சீக்கிரம் முடிந்தால் சரி என்பார்கள்.

"இனிமே கவனமா இருக்கேன்" என்றார் மெதுவாக.

"வேலை முடிஞ்சதும் என்ன செய்வீங்க?"

"அங்கேயே கைகால் கழுவி, சட்டையை மாத்திட்டுத்தான் கிளம்புவேன்."

"இன்னிக்கு மாத்தினீங்களா?"

கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல அவர் குனிந்து பார்த்தார். சட்டையெங்கும் வெள்ளைத் தூசி.

"அப்பா!" என்று குழந்தை அவர்மேல் தாவப் பார்த்தது. நீட்டிய கைகளை அவர் சட்டென்று பின்னால் கட்டிக்கொண்டார்.

"முதல்ல போய்த் தலைக்குக் குளிங்க" என்றாள் மனைவி. "அப்புறம் தூக்கலாம் உங்க பொண்ணை."

பெயிண்டர் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கக் குழாய்க்கு நடந்தார்.